ஒருநாள் விட்டு ஒருநாள்

எனக்கு முதல் குளிர்ஜுரம் வந்தது ஒரு வியாழக்கிழமை, பகல் மூன்று மணிக்குப் பத்து நிமிஷம் இருந்தபோது. பதினொரு வயதில் நடந்ததை இவ்வளவு திட்டமாகச் சொல்வது ஞாபகசக்தியின் பெருமை அல்ல. அப்போது நான் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தேன். அதில் இடப்பக்கம் நாள், வலப்பக்கம் அன்று எத்தனை சுற்று ஓடினேன் என்கிற எண். அந்த வியாழனுக்கு எதிரே எண் இல்லை. ஒரு பெருக்கல் குறி இருக்கிறது. அதுவும் கோணலாக இருக்கிறது, கை நடுங்கியதால்.

நான் ஓடியது ராயபுரத்தில் எங்கள் கன்னியர் மடத்துப் பள்ளி மைதானத்தில். வருஷத்தில் ஒரு நாள், மடத்துத் தலைவியான மதரின் திருநாளன்று, பெண்களுக்கு ஓட்டப்பந்தயம் வைப்பார்கள். மைதானத்தை நான்கு சுற்று. முட்டி தெரியக் கூடாது என்பது டிரில் சிஸ்டரின் சட்டம். ஆகையால் ஒரு கையால் பாவாடையைக் கணுக்காலுக்கு மேல் நான்கு விரல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையை மட்டும் வீசி ஓட வேண்டும். ஐந்து விரல் தூக்கினால் விசில் வந்துவிடும். இந்தச் சட்டத்துக்கு உட்பட்டு முந்தின வருஷம் நான் இரண்டாவதாக வந்தேன். முதலாவதாக வந்தவள் காசிமேட்டுக் குப்பத்துப் பிலோமி, என் வகுப்புதான். கரையேறும் கட்டுமரத்துக்கு அப்பாவின் கஞ்சியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, பள்ளி மணி அடித்து முடிவதற்குள் வாசலில் வந்து நிற்கிறவள். அவளுக்கும் எனக்கும் நடுவே இருந்தது ஒரு கை நீளம்.

இந்த வருஷம் அந்த ஒரு கை நீளம் பெரிய விஷயமாகிவிட்டது. முதலாவதாக வருகிற பெண்ணை மட்டும் டிராமில் டவுனுக்கு அழைத்துப்போவதாகச் சிஸ்டர் அறிவித்திருந்தார். அங்கே பல பள்ளிக்கூடத்துப் பெண்களும் புல் வளர்ந்த மைதானத்தில் ஓடுவார்களாம். நான் அதுவரை ஓடியது மணலிலும் கரித்தூளிலும்தான். புல்லில் கால் வைத்தால் எப்படி இருக்கும் என்று யோசித்து யோசித்து உள்ளங்கால் கூசியது. அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடவும் வழியில்லை. அடுத்த வருஷம் எனக்குத் தாவணி போட்டுவிடுவதாக அம்மா முடிவு செய்திருந்தாள்.

"தாவணி போட்டப்புறம் ஓட்றது இன்னா ஓட்றது? நடந்துபோய் ஜெயிக்கிறதா இருந்தா ஜெயி" என்று சொல்லிவிட்டாள்.

பந்தயத்துக்குச் சரியாக நான்கு வாரம் இருந்தபோதுதான் அந்த முதல் நடுக்கம். வகுப்பிலிருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அம்மா இரண்டு கம்பளியும் ஒரு கோணிச் சாக்கும் போட்டு மூடினாள். விளக்கேற்றும் நேரத்துக்கு வேர்த்துக் கொட்டி, ஒன்றுமே நடக்காததுபோல எழுந்து உட்கார்ந்தேன். வெள்ளிக்கிழமை ஆறு சுற்று ஓடினேன். சனிக்கிழமை அதே மூன்று மணிக்குப் பத்து நிமிஷம் இருந்தபோது மறுபடியும் கம்பளி, மறுபடியும் சாக்கு. ஞாயிறு சுகம். திங்கள் நடுக்கம். தர்ம ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் நாக்கைப் பார்த்து, இடது விலாவுக்குக் கீழே அழுத்திப் பார்த்து, இது ஒருநாள் விட்டு ஒருநாள் வரும், தபாலாபீசில் கொய்னாப் பொட்டலம் விற்கிறார்கள், வாங்கிக் கொடுங்கள் என்றார். அவர் மலேரியா என்றார். பக்கத்து வீட்டில் குளிர்ஜுரம் என்றார்கள். அம்மா பேரே சொல்லமாட்டாள், சொன்னால் அது கேட்டுக்கொண்டு வந்துவிடும் என்று. எங்கள் வீட்டில் அதற்கு ‘அது’ என்றே பேர். இன்றைக்கு அது வருகிற நாள், நாளைக்கு அது வராத நாள்.

அன்று சாயங்காலமே பந்தய நாள்வரைக்கும் நோட்டில் கோடு போட்டு, வரப்போகிற பெருக்கல் குறிகளை முன்கூட்டியே போட்டுக்கொண்டு போனேன். வியாழனிலிருந்து வியாழன், இருபத்தெட்டு நாள், இரட்டைப்படை. கடைசிப் பெருக்கல் குறி நேராகப் பந்தய நாளின்மேல் போய் உட்கார்ந்தது. மூன்று தடவை எண்ணிப் பார்த்தேன். மூன்று தடவையும் அங்கேயே உட்கார்ந்தது. ஜுரத்தில்கூட நான் அவ்வளவு நடுங்கவில்லை.

இந்த இடத்தில் மாமா வருகிறார். அம்மாவின் தம்பி. எங்களோடுதான் இருந்தார். துறைமுகத்தில் டாலி குமாஸ்தா, அதாவது கப்பலிலிருந்து இறங்குகிற மூட்டைகளைப் பென்சிலும் அட்டையுமாக நின்று எண்ணுகிறவர். டிராமைப் பிடிப்பதற்குத் தவிர வேறெதற்கும் அவர் ஓடி நான் பார்த்ததில்லை. ஆனால் என் ஓட்டப் பயிற்சிக்கு அவரே ஆசான் என்று தம்மைத் தாமே நியமித்துக்கொண்டார். உலகத்தில் எதைக் கேட்டாலும் கப்பலை வைத்து விளக்குவார். நோட்டைப் பார்த்துவிட்டு, கவலைப்படாதே என்று தொடங்கினார்.

"ஜுரம்னா இன்னா? அதுவும் ஒரு கப்பல்தான். அதுக்கு ஒரு டயம் கீது, வந்து நிக்க ஒரு பெர்த்து கீது. மூணு மணிக்கு வூட்டாண்ட வந்து பாக்கும். நீ இல்லேன்னு வெச்சுக்க, எத்தினி நாழி நிக்கும்? பூடும்."

எண்ணிக்கையில் பிசகாத மனிதர் சொன்னதால் நம்பினேன். புதன்கிழமை, அது வருகிற நாள், இரண்டரை மணிக்கு அம்மா குழாயடிக்குப் போன சமயம் பார்த்து என்னைக் காசிமேட்டு மணலுக்கு அழைத்துக்கொண்டு போனார். ஓடச் சொன்னார். ஓடினேன். மூன்று மணிக்குப் பத்து நிமிஷம் இருந்தபோது, பிடரியில் யாரோ ஈரத்துணி வைத்ததுபோல் இருந்தது. பல் கிட்டித்தது. மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே வேகமாக நடந்து வந்தார். "நிக்காத கண்ணு, அது வூட்டாண்ட தேடிகினு கீது, நிக்காத" என்றார். அது வீட்டுப் பக்கம் தேடவே இல்லை. நேராக மணலுக்கே வந்துவிட்டது. நூறு தப்படிக்குள் என் கால் மடிந்தது.

தோளில் போட்டுத் தூக்கிக்கொண்டு தெரு முழுவதும் நடந்தார். கேட்டவர்களிடமெல்லாம் பொண்ணு கடல் தண்ணியைக் குடித்துவிட்டது என்றார். அம்மா வாசலில் நின்றிருந்தாள். சத்தம் போடவில்லை.

"இட்டுகினு போனது ஒரு பொண்ணு. தூக்கிகினு வர்றது ஒரு மூட்டை. எண்ணிப் பாரு தம்பி, டாலி சரியா கீதான்னு."

மாமா அசரவில்லை. சித்தாந்தம் சரிதான், தூரம்தான் போதவில்லை, காசிமேடு வீட்டிலிருந்து பார்த்தால் தெரிகிற தூரம் என்று எனக்கு ரகசியமாக விளக்கினார்.

மறுநாள் வியாழன், அது வராத நாள். விட்டதைப் பிடிக்கலாம் என்று காலையிலேயே மணலுக்குப் போனேன். மூன்றாவது சுற்றில் உடைந்த சிப்பி ஒன்று குதிகாலில் ஏறியது. அம்மா மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் போட்டுக் கட்டினாள். அன்றையும் சேர்த்து ஐந்து நாள் தரையில் ஊன்றக் கூடாது. அந்த ஐந்து நாளில் இரண்டு நாள் எப்படியும் ஜுர நாள். மற்ற மூன்று நாள் நல்ல நாள். அந்த மூன்றையும் மூலையில் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டு, நோட்டில் பூஜ்யம் எழுதிக் கழித்தேன். ஜுரமும் குதிகாலும் பேசி வைத்துக்கொண்டு என் நாட்களைப் பங்கு போட்டுக்கொண்டதாகவே எனக்குத் தோன்றியது.

கால் ஆறியதும் கொய்னா தன் வேலையைக் காட்டியது. அதை விழுங்கினால் இரண்டு காதிலும் வண்டு இரைகிற மாதிரி ஒரு சத்தம், நாள் முழுவதும். பயிற்சியில் சிஸ்டர் விசில் ஊதுவார், எல்லோரும் ஓடுவார்கள், நான் மட்டும் நின்றுகொண்டிருப்பேன். கவனமில்லை என்று சிஸ்டர் காதைப் பிடித்துத் திருகினார். ஏற்கெனவே மணியடித்துக்கொண்டிருந்த காது. அதற்கப்புறம் விசிலை நம்பாமல் பக்கத்துப் பெண்ணின் காலைப் பார்த்து ஓடக் கற்றுக்கொண்டேன். அந்தப் பக்கத்துப் பெண் அடிக்கடி விசிலுக்கு முன்னாலேயே ஓடுகிறவள். ஆகையால் இரண்டு பேருக்கும் சேர்த்துத் திட்டு.

வீட்டில் கஞ்சியும் நிலவேம்புக் கஷாயமும்தான் சாப்பாடு. மீன் கூடாது, எண்ணெய் கூடாது, தலைக்குத் தண்ணீர் கூடாது, காற்று கூடாது. காற்றில்லாமல் எப்படி ஓடுவது என்று கேட்டதற்கு, அப்ப ஓடாதே என்று அம்மா மிகவும் திருப்தியோடு சொன்னாள்.

பிறகு ஒரு சனிக்கிழமை அதிசயம் நடந்தது. இரண்டரை மணிக்கே கம்பளியைப் போர்த்துக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தேன். மூன்று மணி ஆயிற்று. மூன்றரை ஆயிற்று. அது வரவில்லை. அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். மாமா, தாம் காசிமேட்டுக்குக் கொண்டுபோய் அலைக்கழித்ததில் அதற்கு வழி மறந்துவிட்டது என்று அறிவித்தார். மறுநாள் ஞாயிறு, வரக் கூடாத நாள், மூன்று மணிக்குப் பத்து நிமிஷம் இருந்தபோது அது வந்துவிட்டது. அம்மா கோபத்தில் அழுதாள். மாமா சொல்லாமல் வெளியே போய்விட்டார். கம்பளிக்குள் கிடந்த எனக்கு மட்டும் மகிழ்ச்சி தாங்கவில்லை. ஏனென்றால் நாள் ஒன்று நகர்ந்துவிட்டது. பழைய பெருக்கல் குறிகளையெல்லாம் மனத்தாலேயே அழித்துப் புதிதாகப் போட்டுக்கொண்டு போனேன். பந்தய வியாழன் வெறுமையாக, சுத்தமாக, குறி இல்லாமல் நின்றது. நான் பல் கிட்டிக்கச் சிரித்ததைப் பார்த்து, ஜுரம் தலைக்கேறிவிட்டது என்று அம்மா ஈரத்துணியை எடுத்து வந்தாள்.

அதற்கப்புறம் நான் பள்ளிக்குப் போன நாட்கள் திங்கள், புதன், வெள்ளி, பிறகு செவ்வாய். இந்த நான்கு நாளும் பிலோமி வரவில்லை. பெஞ்சில் அவள் இடம் காலி. முன்பெல்லாம் ஒரு நல்ல நாளில்கூட அவளைப் பார்க்காமல் இருந்ததில்லை. சந்தேகம் வந்து குப்பத்துப் பெண் ஒருத்தியிடம் விசாரித்தேன்.

"அவளா? மணல்ல கீறா. வெயில்ல" என்றாள்.

எனக்கு வேறென்ன வேண்டும்? பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு, கொளுத்துகிற வெயிலில், மணலில், நாள் முழுவதும் ஓடிப் பழகுகிறாள். எனக்கு உடம்பு நன்றாகிவருகிறது என்று யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். ஆறு சுற்றை எட்டாக்கினேன், எட்டை ஒன்பதாக்கினேன். ஒன்பது சுற்று ஓடிய நாளுக்கு மறுநாள் ஜுரம் வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் அதிகமாக இருந்தது. அதையும் பிலோமி கணக்கில்தான் எழுதினேன்.

பந்தயத்துக்கு முந்தின புதன்கிழமை சாயங்காலம் மழை பிடித்தது. வியாழன் காலை மதருக்காகப் பூசை நடந்தபோது கோயில் கூரைமேல் அது கொட்டிக்கொண்டிருந்தது. மைதானம் ஏரி. பந்தயம் நாளைக்கு என்றார் சிஸ்டர். நாளை என்றால் வெள்ளி. வெள்ளி எனக்குப் பெருக்கல் குறி. இருபத்தெட்டு நாள் ஜுரத்தையும் சிப்பியையும் வண்டையும் கஞ்சியையும் தாண்டி, உடம்பில் ஒரு குறையும் இல்லாமல், ஓட வேண்டிய நாளில் ஓட வேண்டிய இடத்தில் வந்து நின்றிருக்கிறேன். இடம் தண்ணீருக்குள் இருக்கிறது. இன்றைக்கே மழையில் ஓடுகிறோம் சிஸ்டர் என்று கெஞ்சினேன். இல்லாவிட்டால் சனிக்கிழமை வையுங்கள் என்றேன். காரணத்தையும் சொன்னேன். அவர் என் தலையில் கை வைத்தார்.

"துன்பத்தை ஆண்டவருக்கு ஒப்புக்கொடு பிள்ளை."

ஒப்புக்கொடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஒரு நாள் தள்ளி ஒப்புக்கொடுக்கிறேனே என்று சொல்லத்தான் வாய் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை மாதா படத்துக்கு முன்னால் முழங்காலில் நின்று ஒன்றே ஒன்று கேட்டேன்: இன்னும் கொஞ்சம் மழை. பத்து மணிக்குப் பிடித்து மத்தியானம்வரை பெய்தது. பந்தயம் சனிக்கிழமைக்குப் போயிற்று. மாதா என் கட்சி என்று நோட்டில் எழுதிவைத்துவிட்டு, மூன்று மணிக்கு மன நிறைவோடு நடுங்கினேன்.

கடலோர மணல் ஒரே ராத்திரியில் தண்ணீரையெல்லாம் குடித்துவிட்டது. சனிக்கிழமை வெயிலில் மைதானம் கெட்டியாக இருந்தது. சிஸ்டரின் பட்டியலில் ஒன்பது பேர். கோட்டில் வந்து நின்றது ஆறு பேர். பிலோமி இல்லை. விசில் ஊதும்வரை நான் வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி நிமிஷத்தில் மணி அடித்து முடிவதற்குள் வந்து நிற்பதுதானே அவள் வழக்கம். வரவில்லை. பயந்துவிட்டாள் என்று தீர்மானித்த அதே நிமிஷத்தில் பக்கத்துப் பெண்ணின் கால் நகர்ந்தது.

முதல் சுற்றில் நான் நான்காவது. இரண்டாவதில் இரண்டாவது. மூன்றாவதில் பாவாடை ஐந்து விரல் உயர்ந்துவிட்டது, ஆறு விரல்கூட இருக்கலாம். சிஸ்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஊதாமல் நின்றார். மதிலுக்கு வெளியே கல்லின்மேல் ஏறி நின்ற மாமா, பென்சிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நான் கடக்கும்போதெல்லாம் சுற்றை உரக்க எண்ணினார். கடைசிச் சுற்றில் எனக்கு முன்னால் யாரும் இல்லை. பத்துத் தப்படி வித்தியாசத்தில் முதலாவதாக வந்தேன். சிஸ்டர் டவுனுக்குப் போகும் பட்டியலில் என் பேரை எழுதுவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பாவாடையை இறக்கிவிட்டேன்.

ஞாயிறு, பெருக்கல் குறி. மத்தியானம் கம்பளிகளுக்கும் சாக்குக்கும் கீழே ஜெயித்த பெருமையோடு நடுங்கிக்கொண்டிருந்தேன். மாமா வாசற்படியில் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தார். பிலோமி வந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு, கன்னம் ஒட்டி, பாதியாய் இளைத்திருந்தாள். ஓடி ஓடி எப்படி உடம்பை இறக்கியிருக்கிறாள் பார் என்று நினைத்துக்கொண்டேன்.

"ஜெயிச்சிட்டியாமே" என்றாள்.

"நீ ஏன் வரலே? பயந்துட்டியா?"

"நேத்து என் முறை."

குப்பத்தில் அந்த ஜுரத்துக்கு ‘முறை’ என்று ஒரு பேர் இருப்பது எனக்கு அப்போது தெரியாது. எனக்குத் தெரிந்த முறையெல்லாம் குழாயடியில் குடம் வைக்கிற முறை ஒன்றுதான். நேற்று ஜெயித்திருக்க வேண்டியது தான்தான் என்று என் வீட்டு வாசலிலேயே வந்து நின்று சொல்கிறாள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"போன வருசந்தான் உன் முறை. இந்த வருசம் என் முறை. எல்லாம் உனக்கே வேணுமா?" பல் கிட்டித்ததில் ஒவ்வொரு வார்த்தையும் மூன்று துண்டாக வந்தது.

அவள் கம்பளியையும் சாக்கையும் பார்த்தாள். சிரித்தாள். "உன் முறை இன்னிக்கி. பாத்தாலே தெரியுது."

நாள் தப்பாகச் சொன்னாலும் தோற்றதை ஒப்புக்கொள்கிறாள், போகட்டும் என்று விட்டேன். ஆனால் எதற்கும் சிரிக்கிற மாமா இதற்குச் சிரிக்கவில்லை. பென்சிலைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"எத்தினி நாளா?"

"ஒரு மாசமா, மாமா."

ஒரு மாதமாகப் பழகியிருக்கிறாள். நான் சந்தேகப்பட்டது சரியாகப் போயிற்று.

டவுனுக்கு என்றைக்குப் போகிறார்கள் என்று பிலோமி கேட்டாள். வருகிற சனி விட்டு அடுத்த சனி என்றேன். அவள் கட்டைவிரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுத் தொட்டுப் பதிமூன்று எண்ணினாள். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை.

"அன்னிக்கி உனக்கு வராது. நல்லா ஓடு" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதிமூன்று நாள் தள்ளி எனக்கு வருமா, வராதா என்பது என் நோட்டுக்கும் மாமாவுக்கும் மட்டும் தெரிந்த விஷயம். நோட்டு வாய் திறந்திருக்காது. மாமாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. எழுந்து உள்ளே வந்து, மாதா படத்துக்குப் பின்னால் இருந்த என் கொய்னாப் பொட்டலங்கள் அத்தனையையும் எடுத்து அவள் கையில் வைத்தார். தினமும் சாப்பிட வேண்டும், வராத நாளிலும் சாப்பிட வேண்டும், வெறும் வயிற்றில் கூடாது, கஞ்சி குடித்துவிட்டுத்தான் என்று கம்பவுண்டர் சொன்னதையெல்லாம் எழுத்துப் பிசகாமல் சொன்னார். தெருக்கோடிவரைக்கும் அவளோடு நடந்தும் போனார். அவள் மெதுவாகத்தான் நடந்தாள். அவரும் அப்படியே நடந்தார்.

என் மருந்து, என் எதிராளிக்கு, என் கண்ணெதிரே, நான் நடுங்கிக்கொண்டிருக்கும்போதே. தலையணைக்கு அடியிலிருந்து நோட்டை உருவி எழுதினேன். எழுத்து எம்பி எம்பிக் கோட்டைவிட்டு வெளியே போயிருக்கிறது, ஆனால் படிக்க முடிகிறது: பிலோமி ஒரு மாதம் ரகசியமாகப் பயிற்சி செய்ததைத் தன் வாயால் சொன்னாள். மாமா அவள் கட்சி.

அதற்குப் பிறகு மாமாவோடு பேசுவதை நிறுத்தினேன். அவர் தினமும் சாயங்காலம் வந்ததும் எத்தனை சுற்று என்று கேட்பார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு சுவரிடம் எண்ணைச் சொல்வேன். புதன்கிழமை சாப்பிடும்போது, மாமாவிடம் என்ன கோபம் என்று அம்மா கேட்டாள். பொட்டலத்தை எடுத்து அந்தக் குப்பத்துப் பெண்ணுக்குக் கொடுத்ததைச் சொன்னேன். அம்மா நிச்சயமாகத் திட்டுவாள் என்று காத்திருந்தேன்.  அவள் சட்டியை அருகில் இழுத்து, மாமாவின் தட்டில் இன்னொரு துண்டு மீனை வைத்தாள். அந்த நாளுக்கு எதிரே, சுற்று எட்டு என்பதற்குக் கீழே, அம்மாவும் அவள் கட்சி என்று எழுதியிருக்கிறேன்.